பெரிய புத்தகத்துக்கு மூன்று ஷிப்ட்

முதல் ஷிப்ட் பஸ் ஆட்களை இறக்கிவிட்டுப் போன தூசி இன்னும் அடங்கவில்லை. எங்கள் குவார்ட்டர்ஸ் கேட்டைத் திறந்துகொண்டு சேகர் வந்தான். அந்தப் புத்தகத்தை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்தான். எங்கள் பக்கம் சீர்வரிசைத் தட்டைத்தான் அப்படி ஏந்தி வருவார்கள்.

"நாலாவது செக்‌ஷன் முடிஞ்சுதுக்கா. அஞ்சாவது பாதி ஓடிருக்கு. எல்லாம் நார்மல்."

"கணக்கெல்லாம் போட்டியா?"

"கணக்கும் நார்மல்."

வராண்டாவில் லுங்கியோடு உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு அப்படியொரு பூரிப்பு. "பாத்தியா, ஹேண்டோவர்னா இப்பிடிக் குடுக்கணும். வளவளன்னு பேசிகினு நிக்கக்கூடாது" என்றார்.

நான் புத்தகத்தை வாங்கிக்கொண்டேன். சேகர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் ஷிப்ட் முடிந்தது, என் ஷிப்ட் ஆரம்பம்.

ஆமாம், நீங்கள் சரியாகத்தான் படித்தீர்கள். வேலை போன மூன்று சாப்ட்வேர்க்காரர்கள், கம்ப்யூட்டர் படிப்பிலேயே கடினமானது என்று பேர் வாங்கிய ஒரு புத்தகத்தை, நெய்வேலி டவுன்ஷிப்பில், ஷிப்ட் போட்டுப் படித்தோம். சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள், நான் காத்திருக்கிறேன்.

படிக்கலாமா, வேண்டாமா

இரண்டு வாரத்துக்கு முன் இந்தத் தொடரில் போகிற போக்கில் அந்தப் புத்தகத்தைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டேன். வாசகர்கள் பிடித்துக்கொண்டார்கள். என் கணவர் ஏன் போனார் என்று எழுதிய வாரத்துக்குக்கூட இத்தனை பேர் கேட்கவில்லை. எல்லோருக்கும் ஒரே கேள்விதான். அதைப் படிக்கலாமா, படித்தால் பிரயோஜனம் உண்டா?

பெயரைச் சொல்ல மாட்டேன். தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். மற்றவர்களுக்கு ஒரு அடையாளம் சொல்கிறேன். தலைக்கு வைத்துப் படுத்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும், அவ்வளவு தடிமன்.

இந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. முதல் கட்சி, "அதைப் படிக்காதவன் புரோகிராமரே இல்லை" என்று சொல்லும். இவர்கள் மூன்றாவது அத்தியாயத்தோடு நிறுத்தியவர்கள். இரண்டாவது கட்சி, "இந்தக் காலத்துல அதெல்லாம் வேஸ்ட், எல்லாம் மெஷினே எழுதிடுது" என்று சொல்லும். இவர்கள் அட்டையைக்கூடத் திறக்காதவர்கள். இரண்டு கட்சியும் இணையத்தில் விடிய விடியச் சண்டை போடுகிறார்கள். நடுவில் யாராவது முழுசாகப் படித்தவர் இருந்தால் அவர் வாயைத் திறப்பதில்லை. அவர் இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார், பாவம்.

நான் படித்த காலேஜில் அந்தப் புத்தகம் நூலகத்தில் கண்ணாடி பீரோவுக்குள் இருந்தது. சாவி துறைத்தலைவரிடம். அவர் அதை யாருக்கும் கொடுத்ததில்லை, தானும் எடுத்ததில்லை. அங்கீகாரம் கொடுக்க வெளியூரிலிருந்து குழு வரும்போது மட்டும் பீரோவைத் திறந்து மேசைமேல் வைப்பார்கள். குழு போனதும் மறுபடி உள்ளே போய்விடும். எங்கள் ஊர் மாரியம்மன்கூட வருஷத்துக்கு அதைவிட அதிக நாள் வெளியே வருவாள்.

பிறகு சென்னையில் வேலை பார்த்த இடத்தில் ஒரு மேனேஜர். வீடியோ மீட்டிங்கில் அவர் முகத்துக்குப் பின்னால் எப்போதும் அந்தப் புத்தகம் தெரியும். அறிவாளி என்று நானும் மரியாதை வைத்திருந்தேன். ஒருநாள் அது பின்னால் இல்லை. அன்றைக்கு அவர் முகம் மட்டும் வழக்கத்தைவிட உயரத்தில் தெரிந்தது. கேட்டால், "லேப்டாப் ஸ்டாண்டு உடைஞ்சிடுச்சு கோதை" என்றார். புத்தகத்துக்கு ஒரு உபயோகமாவது கிடைத்ததே என்று எனக்குச் சந்தோஷம்.

என்னை வேலையை விட்டு அனுப்பிய மீட்டிங்கையும் அவர்தான் நடத்தினார். அப்போதும் லேப்டாப் அதன்மேல்தான் இருந்தது என்று நினைக்கிறேன்.

எனக்கு எதற்கு அது

வேலை போனதும் சென்னை வீட்டைக் காலி செய்தேன். வேறு வழி இல்லை. என் மகள் இனியா அப்போது பிளஸ் டூவில் கால் வைத்திருந்தாள். நடுவில் பள்ளிக்கூடம் மாற்ற முடியாது. அதனால் அவளைச் சென்னையிலேயே என் அக்கா வீட்டில் விட்டேன். நான் நெய்வேலிக்கு அப்பாவிடம் வந்தேன். அப்பாவுக்குச் சுரங்கத்தில், மண்ணையும் கரியையும் ஏற்றிக்கொண்டு ஓடும் பெல்ட் பிரிவில் வேலை, பர்மனென்ட். ரிடையர் ஆக இன்னும் ஒரு வருஷம் இருந்தது, குவார்ட்டர்ஸும் இருந்தது.

"ரெண்டு மாசம் பொறுத்துக்கோ. வேலை கிடைச்சதும் வீடு எடுத்துடறேன்" என்று இனியாவிடம் சொன்னேன். அவள் சரி என்று தலையாட்டினாள். அந்த இரண்டு மாசம் நீண்டுகொண்டே போனது.

அனுப்பின விண்ணப்பத்துக்கெல்லாம் பதில் இல்லை. நாற்பதை நெருங்கும் பெண், நடுவில் இடைவெளி, புது டூல் எதுவும் தெரியாது. என் ரெஸ்யூமேயை மனுஷர்கள் யாரும் பார்த்ததாகவே தெரியவில்லை. பார்த்ததெல்லாம் மெஷின்தான்.

பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்யும் தாய்மாமன் மட்டும் போன் செய்துகொண்டே இருந்தார். "கம்ப்யூட்டர்ல பில்லு போட ஆளு இல்லாம அவஸ்தப்படறேன் கோதை. மெட்ராஸ் கடைல மேலயே ரூம்பும் இருக்குது. வந்து ஒக்காரு."

பதினாறு வருஷம் சாப்ட்வேர் எழுதிவிட்டு முந்திரிப் பருப்புக்கு பில் போடுவதா? முடியாது என்று சொல்லிவிட்டேன். மரியாதையாகத்தான் சொன்னேன், ஆனால் மூக்கு நுனியில் கோபம் இருந்தது அவருக்கும் கேட்டிருக்கும்.

அந்த நேரத்தில்தான் சேகர் ஒரு சேதி கொண்டுவந்தான். சேகர் எங்கள் பிளாக்கிலேயே வளர்ந்த பையன், என்னைவிடப் பத்து வயசுக்குமேல் சின்னவன், பெங்களூரில் வேலை போய் ஊர் திரும்பியவன். சென்னையில் ஒரு கம்பெனி ஆள் எடுக்கிறதாம். வயசு பார்க்க மாட்டார்களாம், இடைவெளி பார்க்க மாட்டார்களாம். முதலாளிக்கு ஒரே பைத்தியம்தான். நேர்காணலில் எல்லாக் கேள்வியும் அந்தப் பெரிய புத்தகத்திலிருந்து மட்டும் கேட்பார்.

எனக்கு உடனே கண்ணுக்குத் தெரிந்தது புத்தகம் இல்லை. சென்னையில் ஒரு சின்ன வீடு, அதில் இனியாவுக்கென்று ஒரு அறை, கதவு சாத்திக்கொள்கிற மாதிரி.

டூட்டி சார்ட்

மூன்றாவது ஆள் ரெஜினா. பக்கத்து பிளாக். பள்ளியில் என்னோடு படித்தவள், டெஸ்டிங் வேலையில் பல வருஷம் இருந்துவிட்டு அவளும் அதே மாதிரி திரும்பி வந்தவள். புத்தகம் ஒன்றுதான் கிடைத்தது. சேகர் பழைய புத்தகக் கடையில் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தது. போனில் படிக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அந்தப் புத்தகத்தின் சூத்திரங்களைப் போன் திரையில் படித்தால் கண் டாக்டருக்குத்தான் லாபம்.

ஆள் மூன்று, புத்தகம் ஒன்று. வேறு ஊராக இருந்தால் ஆளுக்கு ஒரு வாரம் என்று வைத்துக்கொண்டிருப்பார்கள், இல்லையென்றால் ஜெராக்ஸ் போட்டிருப்பார்கள். நாங்கள் மூன்று பேரும் சுரங்கத்துக்காரர் பிள்ளைகள். ஒரு பொருள், மூன்று ஆள் என்றதும் எங்கள் வாயில் ஒரே நேரத்தில் வந்த வார்த்தை ஷிப்ட்.

இதை யாரும் கேலியாகச் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைப்பருவமே ஷிப்டில்தான் ஓடியது. அப்பா நைட் ஷிப்ட் என்றால் பகலில் வீட்டில் மிக்ஸி போடக்கூடாது. கல்யாணத் தேதியைக்கூட முகூர்த்தம் பார்த்தபிறகு ஷிப்டையும் பார்த்துத்தான் வைப்பார்கள். உலகத்தில் எந்த வேலையும் மூன்றாகப் பிரித்தால் நிற்காமல் ஓடும் என்பது எங்கள் ரத்தத்தில் ஊறிப்போனது.

அப்பாவிடம் சொன்னதும் மனுஷனுக்குப் பத்து வயசு குறைந்துவிட்டது. காலண்டர் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு டூட்டி சார்ட் எழுதினார். முதல் ஷிப்ட் சேகர், இரண்டாவது நான், நைட் ரெஜினா. வார ஓய்வுகூடப் போட்டார்.

"ஒரே ரூல்தான். ரிலீவர் வராம எடத்த வுட்டு நகரக்கூடாது. ரிலீவர் வந்துட்டா எடத்த புடிச்சிகினு ஒக்காரக்கூடாது. பெல்ட்டு நிக்கவே கூடாது."

"அப்பா, இது புஸ்தகம்."

"எதா இருந்தா என்னா? ஓடிகினே இருந்தா ஒருநாள் முடிஞ்சிதானே ஆவணும்."

இதில் இருந்த ஓட்டையை இப்போது சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடிக்கும். சேகர் விட்ட வரியிலிருந்து நான் தொடங்குவேன். நான் விட்ட வரியிலிருந்து ரெஜினா. அவள் விட்ட இடத்திலிருந்து மறுநாள் காலை சேகர். புத்தகம் நிற்காமல் ஓடும். ஆனால் அதை யார் படித்தார்கள்? மூன்று பேரும் ஆளுக்கொரு துண்டு. ஒருத்தர் சாப்பிட, இன்னொருத்தர் மெல்ல, மூன்றாவது ஆளுக்கு ஜீரணம் ஆகுமா? மூன்று பட்டதாரிகள், மொத்தம் நாற்பது வருஷ அனுபவம், ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை.

உற்பத்தி அமோகம்

முதல் மாதம் ஜோராகப் போயிற்று. அக்கம்பக்கத்தில் பேர் வந்துவிட்டது. நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள் கேட்டருகே நின்று, "எது வரைக்கும் வந்திருக்கு?" என்று விசாரிப்பார்கள். அப்பா உற்பத்தி நிலவரம் சொல்வார். "நேத்து முப்பது பக்கம் ஓட்டிருக்காங்க. நைட்ல மட்டும் கொஞ்சம் ஸ்லோ."

எதிர்வீட்டுக்காரர் ஒரு தத்துவமும் சொன்னார். "ஆரம்பத்துல கணக்கா வருதில்ல, அதெல்லாம் மேல்மண்ணும்மா. வாரி அந்தாண்ட கொட்டிட்டீங்கன்னா அடியில நெலக்கரி இருக்கும்."

எங்கள் ஊரில் கல்யாணப் பேச்சிலிருந்து வீட்டுக் கடன்வரை எதற்கும் இந்த உவமைதான். நானும் நம்பினேன். இந்தப் புத்தகத்தில் அந்த மேல்மண்தான் சரக்கு என்று புரிய எனக்கு வெகுநாள் ஆனது. அதை வாரிக் கொட்டிவிட்டு அடியில் போய்ப் பார்த்தால் வெறும் அட்டைதான் இருக்கிறது.

ஹேண்டோவர்களும் நாளாக நாளாகச் சுருங்கின. முதல் வாரத்தில் சேகர் அரைமணி நேரம் விளக்குவான். பிறகு ஐந்து நிமிஷம். பிறகு "நார்மல்" என்ற ஒரே வார்த்தை. நானும் ரெஜினாவிடம் அதையேதான் சொன்னேன். தகவல்களைக் கிளை கிளையாக அடுக்கும் முறைக்கு அந்தப் புத்தகத்தில் மரம் என்று பேர்; எனக்குப் புரியாத மரம், சமன் ஆகாத மரம், எந்தப் பக்கம் சாய்ந்தால் எந்தக் கிளையைத் திருப்ப வேண்டும் என்று புரியாத மரம், எல்லாம் என் வாயிலிருந்து நார்மலாகவே ரெஜினாவுக்குப் போயின. அவள் படித்ததாகச் சொன்னதும் அப்படித்தான் இருந்திருக்கும்.

பிரேக்டவுன்

ஒருநாள் என் ஷிப்டில் ஒரு கணக்கு வந்தது. பக்கத்தில் நட்சத்திரக் குறி. அப்படிக் குறி போட்டதையெல்லாம் தாண்டிப் போவது எங்களுக்குள் எழுதாத ஒப்பந்தம். அன்றைக்கு ஏனோ நின்று படித்தேன். நம் ஊர்ப் பாஷையில் சொல்கிறேன், உங்களுக்கும் புரியும்.

பள்ளிக்கூட அசெம்பிளி. பிள்ளைகள் ரோல் நம்பர்படி வரிசையில் நிற்க வேண்டும், ஆனால் கலைந்து நிற்கிறார்கள். தன் இடத்தில் இல்லாத யாரோ ஒருத்தியை டீச்சர் பிடித்து இழுத்து, அவளுடைய இடத்தில் நிறுத்துகிறார். ஏழாம் நம்பர் என்றால் ஏழாவது இடம். அதற்காக நடுவில் நிற்பவர்கள் ஒரு இடம் முன்னேயோ பின்னேயோ நகர்கிறார்கள். அதில், ஏற்கெனவே சரியாக நின்றவளும் இடம் தவறிப்போவாள். டீச்சர் மறுபடி வேறு ஒருத்தியை இழுக்கிறார். இப்படியே போனால் வரிசை என்றைக்காவது சரியாகுமா? இல்லை, டீச்சர் ரிடையர் ஆகும்வரை இழுத்துக்கொண்டே இருப்பாரா?

இவ்வளவுதான் கணக்கு. ஆனால் அது என்னை விடவில்லை. ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று கெடுகிறது. எங்கேயோ கேட்ட கதையாக இருக்கிறதே என்று தோன்றியது. என் வாழ்க்கைதான்.

சமையலறை டப்பாக்களை வரிசையாக வைத்து நகர்த்திப் பார்த்தேன். கடுகு டப்பா சரியானால் மிளகு டப்பா தவறியது. ரெஜினா கேட்டில் வந்து நின்றாள்.

"குடு கோதை, என் டைம் ஆச்சு."

"இன்னிக்கு இல்ல. இது முடியல."

"முடியலன்னா என்ன, நார்மல்னு சொல்லிட்டுக் குடு. எப்பவும் அதானே பண்றோம்."

நான் கொடுக்கவில்லை. மறுநாளும் கொடுக்கவில்லை. சேகர் வந்து கெஞ்சினான். அப்பாவுக்கு மானமே போயிற்று.

"ரிலீவர் வாசல்ல நின்னுகினு இருக்கான். நீ எடத்த வுடாம புடிச்சிகினு ஒக்காந்திருக்க. ஊர்ல என்னா சொல்வாங்க?"

"என்னவோ சொல்லிக்கட்டும்பா. எனக்குப் புரியற வரைக்கும் புஸ்தகத்தை யாருக்கும் குடுக்கறதா இல்ல."

அப்பா உள்ளே போய் டூட்டி சார்ட்டைச் சுவரிலிருந்து கழற்றி மடித்து வைத்துவிட்டார். அவரோடு நான் சரியாகப் பேசவே சில நாள் ஆயிற்று.

கம்பெனியையே இழுத்து மூடினது மாதிரி ஆயிற்று. ரெஜினா ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் லேபுக்கு கான்ட்ராக்டில் சேர்ந்துவிட்டாள். சேகர் வேறு வழி கண்டுபிடித்தான். மிச்சப் புத்தகத்தை அத்தியாயம் அத்தியாயமாகப் போனில் இருக்கிற ஏஐயிடம் கேட்டுச் சுருக்கம் வாங்கினான். கேள்வி இது, பதில் இது என்று மனப்பாடம் செய்தான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. எங்கள் அப்பாக்கள் டிபார்ட்மென்ட் பரீட்சை எழுதினதும் இப்படித்தான்.

எனக்கு விடை கொடியில் துணி காயப்போடும்போது வந்தது. ஏழாம் நம்பரைப் பின்பக்கம் இழுத்து அவள் இடத்தில் நிறுத்தியாயிற்று. அவளை இன்னொரு முறை பின்பக்கம் இழுக்க வேண்டி வந்தால், நடுவில் அவள் முன்னே நகர்ந்திருக்க வேண்டும். எப்போது நகர்வாள்? அவளுக்கு முன்னால் நின்ற ஒருத்தியைத் தூக்கி அவளுக்குப் பின்னால் நிறுத்தினால்தான். அப்படிப் பின்னால் போய் நிற்க வேண்டியவள் ஏழைவிடப் பெரிய நம்பர்க்காரி. அந்தப் பெரியவளை மறுபடி இழுக்க, அவளைவிடப் பெரியவள் வேண்டும். கடைசி நம்பர்க்காரியைத் தாண்டிப் போக ஆளே இல்லை. அவளை ஒரு தடவைக்குமேல் அப்படி இழுக்க முடியாது. ஆகவே அவளுக்கு முந்தினவளையும் ஓயாமல் இழுக்க முடியாது. அதற்கு முந்தினவளையும் முடியாது. முன்பக்கம் இழுப்பதற்கும் இதையே தலைகீழாகச் சொல்லலாம். வரிசை சரியாகிவிடும். டீச்சர் வீட்டுக்குப் போகலாம்.

ஈரப் புடவையைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். வேலை போனதிலிருந்து அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை. பொய் சொல்வானேன், வேலையில் இருந்தபோதும் வந்ததில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம்

நேர்காணலுக்கு நானும் சேகரும் ஒரே பஸ்ஸில் போனோம். முதலாளி குர்தா போட்டிருந்தார். அவரை சார் என்று கூப்பிடக்கூடாதாம், பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டுமாம். அங்கே எல்லோரும் சமம் என்று பக்கத்தில் இருந்த மனிதவளப் பெண் எழுந்து நின்று சொன்னாள்.

மேசைமேல் அவருடைய புத்தகம். பக்க ஓரத்தைப் பார்த்தேன். முன்பாதி விரல் அழுக்கு படிந்து பழுப்பாக இருந்தது. பின்பாதி பள்ளி திறந்த அன்றைக்கு வாங்கின நோட்டு மாதிரி வெளுப்பு. எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

முதல் கேள்வி, சமன் செய்கிற மரம். ஒரு கிளை நீண்டால் எப்படித் திருப்புவது என்று கேட்டார். சேகர் எனக்கு நார்மல் என்று கொடுத்து, நான் ரெஜினாவுக்கு நார்மல் என்று கொடுத்த அதே மரம்.

"முடிவு மட்டும் தெரியும். எப்படி வருதுன்னு தெரியாது" என்றேன்.

இரண்டாவது கேள்வி ரெஜினாவின் நைட் ஷிப்டில் போன பகுதி. அதற்கு முடிவுகூடத் தெரியவில்லை. மனிதவளப் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"சரி, நீங்க நல்லா படிச்சது ஏதாவது சொல்லுங்க" என்றார் முதலாளி, இரக்கத்தோடு.

எழுந்து போர்டில் அந்த வரிசையைப் போட்டேன். பாதியில் அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு முன்னால் வந்துவிட்டார். சிறியவளை முன்பக்கம் இழுக்கிற பாதியை அவரையே சொல்ல வைத்தேன். தட்டுத்தடுமாறிச் சொன்னார். முடிந்ததும் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பியூட்டிஃபுல். இது ஸ்டார் போட்ட கணக்கு இல்ல? நாங்க யாரும் இத போட்டதே இல்ல."

"அப்போ இதைக் கேட்க மாட்டீங்களா?"

"இத எப்படிக் கேக்கறது? எங்களுக்கே தெரியாதே" என்றார். நல்ல மனுஷன், ஒளிக்கவில்லை.

மனிதவளப் பெண் என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டாள். டெப்த் பிரமாதம், கவரேஜ்தான் பத்தவில்லை என்றாள். மெயில் அனுப்புவார்களாம்.

அடுத்துப் போன சேகர், அவர்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் பதில் சொன்னான். வெளியே வந்தபோது அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. என்னைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கப் பார்த்தான்.

"அக்கா, உங்களுக்கு வராம எனக்கு எப்படிக்கா..."

"போடா, போய் அம்மாவுக்கு போன் பண்ணு" என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பினேன். வயிறு எரியவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். எரிந்தது.

ஆகவே வாசகர்களே, படிக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில். வேலைக்காகப் படிக்காதீர்கள், அதற்கு சேகரின் போன் போதும். பெருமைக்காகவும் வேண்டாம், அதற்கு அட்டை போதும். ஒரே ஒரு கணக்கு உங்களைப் பிடித்துக்கொண்டு, அதை விட்டு நகர மனசு வராது என்றால் படியுங்கள். கூடவே, உங்களுக்காக யாராவது எங்கேயாவது காத்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு படியுங்கள்.

அக்கா வீட்டு ஹால்

அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா கெட்டவள் இல்லை. இரண்டு அறை வீடு, அவளுக்கே இரண்டு பிள்ளைகள். இனியா ஹாலில், சாப்பாட்டு மேசை ஓரத்தில், குழம்புப் பாத்திரத்தைத் தள்ளிவைத்துவிட்டு நோட்டை விரித்து வைத்திருந்தாள். நான் படியேறி வருவதற்குள் கதவைத் திறந்துகொண்டு நின்றாள்.

நான் அவள் நோட்டை இழுத்து, வரிசையைப் போட்டுக் காட்ட ஆரம்பித்தேன். ஏழாம் நம்பர், அவளைவிடப் பெரியவள், கடைசி நம்பர்க்காரி. முதலாளி நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்ததையும் சொன்னேன்.

"வேலை கிடைச்சுதாம்மா?"

"மெயில் அனுப்பறேன்னாங்க."

"அப்படின்னா இல்ல."

"இல்லதான்."

அவள் பேனாவை மூடினாள்.

"அப்பறம் எதுக்கும்மா சிரிச்ச முகமா வந்த? நீ கீழ கேட்டைத் திறக்கறதை பால்கனிலேர்ந்து பாத்தேன். கிடைச்சிடுச்சுன்னு நினைச்சு, பெரியம்மாகிட்ட நான் போறேன்னு சொல்லிட்டேன். அவங்களும் சரின்னு சொல்லிட்டாங்க."

சமையலறையில் அக்கா குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். எங்கள் பேச்சு கேட்காத மாதிரி நின்றிருந்தாள்.

"சரின்னு எப்படிச் சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"உடனே" என்றாள் இனியா.

நோட்டில் போட்ட வரிசை அப்படியே இருந்தது. அது சரியான விடைதான், அதில் எந்தத் தப்பும் இல்லை. அதை வைத்துக்கொண்டு இந்தப் பிள்ளைக்கு என்ன செய்ய?

பால்கனிக்குப் போய்ப் பண்ருட்டி மாமாவுக்குப் போன் செய்தேன். இனியாவும் பின்னாலேயே வந்து நின்றாள்.

"என்னா கோதை, என்னமோ பெரிய பொஸ்தகம் படிச்சிகினு இருக்கன்னு உங்கப்பா சொன்னாரு. என்னாச்சு?"

"கொஞ்சம் படிச்சேன் மாமா. மெட்ராஸ் கடைல பில்லு போட ஆள் வேணும்னீங்களே. இன்னும் வேணுமா?"

குத்திக் காட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"வேணுந்தான். மேல இருக்கிற ரூம்பு சின்னது. தகரம் போட்டது, வெய்யில்ல காயும். எத்தினி பேரு வர்றீங்க?"

"ரெண்டு பேரு மாமா."

"எப்ப?"

இனியாவைப் பார்த்தேன். "இன்னிக்கே" என்றேன்.

"பெட்டியைக் கட்டுடி, நான் கூட ஒத்தாசை பண்றேன்" என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்தேன். அவள் சோபாவுக்குப் பின்னால் குனிந்து பெட்டியை இழுத்தாள். திறந்து பார்த்தேன். பழைய வீட்டைக் காலி செய்த அன்றைக்கு நான் மடித்துவைத்த மடிப்பு கலையாமல் துணிகள் பாதி அப்படியே இருந்தன. மேலே துவைத்து மடித்த யூனிஃபார்மும் சீப்பும் பல் துலக்கும் பிரஷ்ஷும் இருந்தன. இத்தனை மாதமாக அவள் எதையும் வெளியே எடுத்து வைக்கவே இல்லை.